குற்றாலச் சாரலில் ஒரு கவிதைத் திறனாய்வாளர்: ரசிகமணி டி.கே.சி.யின் வாழ்வும் கம்பன் வாசிப்பும்

முன்னுரை

தமிழ் இலக்கியத் திறனாய்வின் வரலாற்றை எழுதுவோர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரை (1882–1954) எங்கே வைப்பது என்பதில் தடுமாறுவதுண்டு. பதிப்பாசிரியர் வரிசையில் அவரைச் சேர்க்க இயலாது. அவர் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் கண்டவர் அல்லர். உரையாசிரியர் மரபிலும் அவர் முழுமையாகப் பொருந்துவதில்லை. பதவுரை, இலக்கணக் குறிப்பு ஆகியவற்றை அவர் பெரிதும் தவிர்த்தார். பல்கலைக்கழகம் சார்ந்த ஆய்வாளராகவும் அவர் இயங்கவில்லை. எனினும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கம்பனைத் தமிழ் நடுத்தர வகுப்பின் வீட்டுக் கூடத்திற்குக் கொண்டுவந்தவர்களுள் அவருக்கு முதன்மையான இடம் உண்டு. அவரை ரசிகர் என்று சொல்லி ஒதுக்குவதும், அவர் சொன்ன அனைத்தையும் முடிந்த முடிபாகக் கொள்வதும் ஆய்வுக்கு உதவா. அவருடைய வாழ்க்கையையும் வாசிப்பு முறையையும் இணைத்து நோக்கி, அம்முறையின் வலிமையையும் எல்லையையும் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

டி.கே.சி.யின் குடும்பம் தென்காசியைச் சேர்ந்தது. தென்காசி வெறும் வணிக ஊர் அன்று. பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விசுவநாதர் கோயிலைச் சுற்றி வளர்ந்த நகரம் அது. மதுரையை இழந்த பாண்டியர் கடைசியாக ஆண்ட மண்ணும் அதுவே. அம்மரபில் வந்த அதிவீரராம பாண்டியர் 'நைடதம்' பாடினார். வரதுங்கராம பாண்டியரும் புலவராகவே நினைக்கப்படுகிறார். தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடைப்பட்ட மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் 'திருக்குற்றாலக் குறவஞ்சி'யை இயற்றினார். அரசர் முதல் சிற்றூர்ப் புலவர் வரை செய்யுள் புழங்கிய நிலப்பகுதி இது. டி.கே.சி.யின் செவி இந்த மண்ணில்தான் பழகியது.

உயர்கல்விக்குச் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குச் சென்ற அவர் அங்கு ஆங்கில இலக்கியத்தோடு நெருங்கிய பழக்கம் கொண்டார். அக்காலக் கல்லூரிகளில் ஆங்கிலக் கவிதை, உணர்ச்சியும் ஓசையும் சேர்ந்த கலைப்பொருளாகக் கற்பிக்கப்பட்டது. தமிழ்ச் செய்யுளோ பெரும்பாலும் சந்தி பிரித்தல், இலக்கண முடிபு கூறல், அருஞ்சொற்பொருள் காணல் ஆகியவற்றுக்குரிய பாடப்பொருளாகவே இருந்தது. இரு வகுப்பறைகளுக்கும் இடையே நிலவிய இந்த வேறுபாட்டைப் பிற்காலத்தில் அவர் மேற்கொண்ட பணிக்கான தொடக்கப்புள்ளியாகக் கருதலாம். தமிழ்க் கவிதையில் அவர் புதிதாக ஒன்றைப் புகுத்த முயலவில்லை. ஆங்கிலக் கவிதைக்குக் கிடைத்த வகையான வாசிப்பு தமிழ்க் கவிதைக்கும் கிடைக்க வேண்டும் என்றே அவர் முயன்றார்.

வழக்கறிஞரும் பொதுவாழ்வும்

சட்டம் பயின்று திருநெல்வேலியில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்ட டி.கே.சி. அத்தொழிலில் பெரும் நாட்டம் காட்டவில்லை. 1920களின் இறுதியில் சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவை உறுப்பினராகவும், அதனைத் தொடர்ந்து 1930களின் முற்பகுதியில் இந்து சமய அறநிலையப் பாதுகாப்பு வாரியத்தின் ஆணையராகவும் பணியாற்றினார்.

அக்காலத்துத் தமிழ் ஆய்வில் வழக்கறிஞர்களின் பங்கு கணிசமானது. எஸ். வையாபுரிப் பிள்ளை திருநெல்வேலியில் வழக்கறிஞராக இருந்தவர்; 1926இல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்றார். கம்பனை ஓமர், மில்டன் முதலிய மேலைக் காவியப் புலவர்களோடு ஒப்பிட்டு ஆங்கிலத்தில் நூல் எழுதிய வ.வே.சு. ஐயரும் இலண்டனில் சட்டம் பயின்றவரே. ஐயர் கம்பனை உலக இலக்கிய அரங்கின் முன் நிறுத்தி அவனுக்காக வாதாடினார். வையாபுரிப் பிள்ளை சான்றுகளை ஆராய்ந்து காலத்தையும் பாடத்தையும் அறுதியிட்டார். டி.கே.சி. தமிழ் தெரிந்தும் தமிழ்க் கவிதையைச் சுவைக்க மறந்திருந்த சொந்த மக்களிடமே வழக்கைக் கொண்டு சென்றார். ஒரே மாவட்டத்தில் ஒரே தொழிலில் இருந்த இருவர், பழந்தமிழை அணுகுவதில் இவ்வளவு வேறுபட்ட வழிகளைத் தேர்ந்தமை கருதத்தக்கது.

வட்டத்தொட்டி

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இருந்த டி.கே.சி.யின் இல்லத்தில் 1920களில் இலக்கியக் கூட்டங்கள் நடைபெறத் தொடங்கின. வீட்டினுள் வட்டமாக அமைந்திருந்த தொட்டிக்கட்டில் ஞாயிற்றுக்கிழமை தோறும் அன்பர்கள் கூடினர். அந்த இடத்தின் பெயரே கூட்டத்தின் பெயராகி, வட்டத்தொட்டி என்று வழங்கலாயிற்று. தலைவர், செயலாளர், உறுப்பினர் கட்டணம் என எதுவும் அதற்கு இல்லை. ஒரு பாடலை எடுத்துக்கொண்டு அதைப் பலமுறை சொல்லிப் பார்ப்பதும், அதன் உணர்ச்சி எங்கே தொடங்கி எங்கே உச்சம் பெறுகிறது என்று பேசிக் காண்பதுமே அங்கு நிகழ்ந்தவை.

பி.ஸ்ரீ. ஆசாரியா, அ. சீனிவாசராகவன், தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், மீ.ப. சோமு, நீதிபதி எஸ். மகராஜன், வித்துவான் ல. சண்முகசுந்தரம் முதலியோர் இவ்வட்டத்தோடு தொடர்புடையவர்கள். இவர்களுள் பலர் தமிழ்ப் புலமையைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். சீனிவாசராகவன் ஆங்கிலப் பேராசிரியர். தொண்டைமான் ஆட்சிப்பணி அலுவலர். மகராஜன் நீதித்துறையில் உயர்ந்து சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழாக்கியவர். வேறு வேறு துறையினர் ஒரு செய்யுளின் முன் சமமாக அமர்ந்தமையே வட்டத்தொட்டியின் சிறப்பு. அதன் விளைவுகளும் பல துறைகளில் தென்பட்டன. தொண்டைமான் கோயிற் சிற்பங்களைக் கண்டு எழுதிய முறையிலும், பி.ஸ்ரீ. பழைய இலக்கியத்தைப் பொதுவாசகருக்கு விளக்கிய முறையிலும் அங்கே பயின்ற சுவைநோக்கைக் காணலாம்.

எழுத்தில் தங்காமல் பேச்சிலேயே நிகழ்ந்த திறனாய்வு இது. ஆதலால் அதனை முழுமையாக மீட்டெடுக்க இயலாது. டி.கே.சி. நண்பர்களுக்கு எழுதிய ஏராளமான கடிதங்களே இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. பேச்சுத் தமிழின் நெளிவு சுளிவுகளோடு அமைந்த அக்கடிதங்களில் குடும்பச் செய்தியும் கவிதைச் செய்தியும் ஒன்றோடொன்று கலந்தே வரும். பின்னாளில் தொகுக்கப்பட்டு நூலுருப் பெற்ற அவை, தமிழ்க் கடித இலக்கியத்தின் குறிப்பிடத்தக்க பகுதியாக மதிக்கப்படுகின்றன.

உருவமும் உணர்ச்சியும்

டி.கே.சி.யின் திறனாய்வுக் கோட்பாட்டை அவர் எங்கும் முறைப்படுத்தி எழுதவில்லை. 'இதய ஒலி', 'கம்பர் யார்?' முதலிய நூல்களிலிருந்தும் கடிதங்களிலிருந்தும் அதனைத் தொகுத்துக்கொள்ள வேண்டியுள்ளது. அதன் அடிப்படை மூன்று. முதலாவது, கவிதை உணர்ச்சியிலிருந்து பிறப்பது. அறிவுச் செய்தி மட்டும் இருந்தால் அது செய்யுளாகுமே அன்றிக் கவிதையாகாது. இரண்டாவது, அவ்வுணர்ச்சி தனக்குரிய உருவத்தைப் பெற்றே வெளிப்படும். ஓசை, தாளம், சொற்கள் விழும் வரிசை ஆகிய எல்லாம் சேர்ந்ததே உருவம். மூன்றாவது, அவ்வுருவத்தைக் கண்ணால் படித்து அறிய முடியாது. வாய்விட்டுச் சொல்லிச் செவியால் உணர வேண்டும்.

இவற்றுள் மூன்றாவது கருத்து தமிழ் மரபுக்கு அயலானதன்று. செய்யுளுறுப்புகளை விரித்துரைக்கும் தொல்காப்பியம் ஓசையமைதிக்கும் மெய்ப்பாட்டுக்கும் தரும் இடத்தை நோக்கின், டி.கே.சி. வலியுறுத்தியது பழைய நெறியின் மறுபதிப்பே என்பது புலனாகும். அச்சுப் புத்தகம் பரவிய பின்னர்ச் செய்யுள் கண்ணுக்குரியதாக மாறிய சூழலில், அதை மீண்டும் செவிக்குரியதாக்க அவர் முயன்றார். அடிகளைச் சீர்வாரியாக அச்சிடும் வழக்கத்துக்கு மாறாகப் பொருளும் உணர்ச்சியும் நிற்கும் இடங்களில் நிறுத்திப் படிக்கும் முறையை அவர் பரப்பியதும் இந்நோக்கினாலேயே ஆகும்.

காட்சியும் பாத்திரமும்

'கல்கி' இதழில் அவர் எழுதிய 'கம்பர் தரும் காட்சி' என்னும் தொடர் அவருடைய வாசிப்பு முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. காவியத்தின் ஒரு நிகழ்ச்சியை எளிய உரைநடையில் சொல்லிக்கொண்டே வந்து, பாத்திரத்தின் மனநிலை முறுக்கேறும் இடத்தில் பாடலை வைப்பது அவர் கையாண்ட உத்தி. பாடலுக்கு முன்னரே அதற்குரிய சூழலை வாசகர் உணர்ந்துவிடுவதால், பாடல் வரும்போது பதவுரை தேவைப்படுவதில்லை. உரைநடை மேடையமைக்க, செய்யுள் நடிக்கிறது என்று இதனைச் சுருக்கிச் சொல்லலாம்.

கம்பனின் பாத்திரப் படைப்புக்கு இம்முறை மிகவும் ஏற்புடையது. பரதன் படையோடு வருவதைக் கங்கையின் தென்கரையில் நின்று காணும் குகன், இராமன்மேல் போர் தொடுக்க வருகிறான் என எண்ணிச் சினம் கொள்கிறான். தன் வேடர் படையைத் திரட்டுகிறான். பரதன் அருகே வர, மரவுரியும் மாசடைந்த மேனியும் ஒளியிழந்த முகமும் குகன் கண்ணில் படுகின்றன. சற்று முன் பகைவனாகத் தோன்றியவன் இப்போது இராமனைப் போலவே தோன்றுகிறான். குகனின் பண்பு என்ன என்று கேட்டு, அன்பு, வீரம், எளிமை என்று பட்டியலிடுவது ஒரு வகை ஆய்வு. சினம் நாணமாகவும், நாணம் வணக்கமாகவும் மாறும் அந்தச் சில கணங்களைப் பாடல்களின் வேக மாற்றத்தில் காண்பது மற்றொரு வகை. டி.கே.சி. நாடியது இரண்டாவது வகையை. பாத்திரம் என்பது குணங்களின் தொகுதி அன்று, ஒரு சூழலில் நிகழும் மனமாற்றம் என்னும் நோக்கு அவருடைய முறையில் உள்ளுறைந்து கிடக்கிறது. வீடணன் அழைக்க வந்தபோது கும்பகருணன் மறுத்து நிற்கும் காட்சி போன்ற இடங்களையும் இவ்வாறு அணுகும்போது, நன்மை தீமை என்ற எளிய பிரிவினை கரைந்துவிடுகிறது.

எனினும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. காட்சிகளைத் தனித்தனியே எடுத்துக்கொள்வதால், காவியத்தின் நெடும்போக்கில் படிப்படியாக வளரும் பொருண்மைகள் பின்னுக்குச் செல்கின்றன. நாட்டு வருணனை, ஆற்றுப்படலம், அரசியல் சிந்தனை, சமயக் கருத்து ஆகியவை காட்சியின் வேகத்துக்குத் துணை செய்யாவிடில் கவனம் பெறுவதில்லை. காவியத்தை நாடகமாகக் காணும் ஒருவர், அது காவியமாகவும் இருக்கிறது என்பதைச் சில வேளைகளில் மறக்க நேர்கிறது.

பாடல் நீக்கமும் கருத்து வேறுபாடும்

டி.கே.சி.யின் பணிகளுள் மிகுந்த எதிர்ப்புக்கு உள்ளானது அவர் கம்பராமாயணத்தில் மேற்கொண்ட தேர்வு. அச்சிலுள்ள பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களுள் ஒரு சிறு பகுதியையே அவர் கம்பனுடையவை என ஏற்றார். ஏனையவை பிற்காலத்தார் இடையில் சேர்த்தவை என்பது அவர் துணிபு. அவர் ஏற்ற பாடல்களை உரைநடை விளக்கத்தோடு கோத்து வெளியிட்டதே 'கம்பர் தரும் ராமாயணம்'.

இடைச்செருகல் என்னும் கருத்து அவருக்கு முன்னரே நிலவியதுதான். கம்பனுடையவை அல்லாத பாடல்களை வெள்ளிப் பாடல்கள் என்று புலவர் உலகம் வழங்கி வந்தது. ஏடுகளுக்கிடையே பாடல் எண்ணிக்கை வேறுபடுவதும் அறிந்த செய்தியே. ஆனால் பதிப்பாசிரியர்கள் ஏட்டுச் சான்றை அடிப்படையாகக் கொண்டு ஐயத்துக்குரியவற்றைப் பிரித்தனர். டி.கே.சி.யோ உணர்ச்சியும் உருவமும் கூடிவரவில்லை எனத் தம் செவி உரைத்தவற்றை விலக்கினார். அவருக்குச் சுவையே சான்று. பதிப்பாசிரியர்களுக்கு ஏடே சான்று. முத்தொள்ளாயிரத்தை விளக்கவுரையோடு வெளியிட்டபோதும் அவர் சில இடங்களில் சொற்களை மாற்றியமைத்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. புறத்திரட்டின் வழியாக நூற்றுச் சொச்சம் பாடல்களே எஞ்சிய ஒரு நூலில் பாடத்தைத் திருத்துவது, எஞ்சியுள்ள சான்றையே கலைப்பதாகும் என்னும் மறுப்பு வலுவானது.

இம்மறுப்பை ஆய்வுலகம் ஏற்றே ஆக வேண்டும். ஒரு பெருங்கவிஞன் எல்லாப் பாடல்களையும் ஒரே உயரத்தில் பாடியிருக்க வேண்டும் என்பதற்கு எந்த விதியும் இல்லை. பன்னிரண்டாயிரம் அடி நடந்தவனின் சில அடிகள் தளர்ந்திருப்பது இயற்கை. தளர்ந்த அடியை வேறொருவனுடையது என்பது நடந்தவனை அறியாமை. மேலும், சுவை காலத்துக்குக் காலம் மாறுவது. இருபதாம் நூற்றாண்டின் செவிக்கு மிகையாகத் தோன்றும் வருணனை, கம்பன் காலத்துச் செவிக்கு இன்றியமையாததாக இருந்திருக்கலாம்.

ஆயினும் எதிர்த்தரப்பின் கேள்வி ஒன்றும் நிற்கிறது. ஒரு பாடல் எல்லா ஏடுகளிலும் காணப்படுகிறது என்பது அது பழையது என்பதை உணர்த்தலாம். அது ஏன் நல்ல கவிதை என்பதை உணர்த்தாது. கம்பனுடையது எது என்ற வினாவுக்கு டி.கே.சி. அளித்த விடை நிலைபெறவில்லை. கம்பனில் சிறந்தது எது, ஏன் சிறந்தது என்ற வினாவுக்கு அவர் அளித்த விடைகளோ இன்னும் பயன்படுகின்றன. அவர் இவ்விரு வினாக்களையும் ஒன்றாகக் கருதியதே பிழை. அவற்றைப் பிரித்து நோக்கினால், அவருடைய தொகுப்பு பிழையான பதிப்பாகத் தோன்றாது. தேர்ந்த ரசனையாளர் ஒருவரின் கம்பன் தெரிவாகத் தன் உரிய மதிப்பைப் பெறும்.

கவிமணியும் தமிழிசையும்

பழைய இலக்கியத்தில் மட்டும் ஈடுபட்டுச் சமகாலத்தைப் புறக்கணித்தவர் அல்லர் டி.கே.சி. நாஞ்சில் நாட்டில் அடக்கமாக வாழ்ந்த தேசிக விநாயகம் பிள்ளையின் பாடல்களைத் தமிழகமெங்கும் அறியச் செய்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. எளிமையும் ஓசையமைதியும் கொண்ட கவிமணியின் பாடல்கள், கவிதைக்கு அவர் வகுத்திருந்த இலக்கணத்துக்குக் கண்முன் நின்ற சான்றாயின. 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கி முதல் கம்பன் திருநாளை நடத்தியபோது தலைமை ஏற்றவர் டி.கே.சி. வீட்டுத் தொட்டிக்கட்டில் தொடங்கிய கம்பன் வாசிப்பு, இதன் வழியாகப் பொதுமேடைக்கு வந்தது.

1940களில் எழுந்த தமிழிசை இயக்கத்திலும் அவர் இராசாசி, கல்கி ஆகியோரோடு நின்றார். பொருள் விளங்காத பாட்டில் பாவம் நிறைவு பெறாது என்பது அவர் நிலைப்பாடு. செய்யுளுக்கு அவர் கூறிய கொள்கையின் இசை வடிவமே இது. குற்றாலக் குறவஞ்சியைக் கலாசேத்திரத்தின் ருக்மிணி தேவி 1944இல் நாட்டிய நாடகமாக அரங்கேற்றியமைக்கு அவர் தந்த ஊக்கமும் காரணமாக அமைந்தது. மேலகரத்துப் புலவரின் சொல், அருவிக்கரையை விட்டுச் சென்னை அரங்குக்குச் சென்றது.

குற்றால வாழ்வு

இறுதிக் காலத்தை டி.கே.சி. குற்றாலத்தில் கழித்தார். வட்டத்தொட்டி இடம் மாறியதே அன்றி முடிவுறவில்லை. ஆனி, ஆடி மாதங்களில் சாரல் விழும் காலத்தில் இராசாசி, கல்கி முதலியோர் அவர் இல்லத்தில் வந்து தங்கினர். அருவி நீராட்டு, விருந்து, பாடல் என அந்நாள்கள் கழிந்தன. விருந்தோம்பலும் கவிதை நுகர்வும் அவருக்கு ஒரே பண்பின் இரு முகங்கள். தான் பெற்ற சுவையைப் பிறருக்குப் பகிராமல் தனியே வைத்துக்கொள்வது அவர் இயல்புக்கு ஒவ்வாதது.

இந்த இன்ப வாழ்வின் நடுவே பெரும் துயரமும் நேர்ந்தது. அவருடைய மகன் தீத்தாரப்பன், தீபன் என்னும் பெயரில் எழுதி வந்தவர், தந்தையின் வாழ்நாளிலேயே இளமையில் மறைந்தார். இலக்கிய நாட்டத்தில் தந்தையைப் பின்பற்றி வளர்ந்த மகனின் இழப்பு அது. உணர்ச்சியே கவிதையின் உயிர் என்று வாழ்நாள் முழுதும் சொல்லி வந்தவர் அக்கூற்றின் சுமையைத் தம் இல்லத்திலேயே சுமக்க நேர்ந்தது. அதன் பின்னரும் அவர் கூட்டங்களையும் கடிதங்களையும் நிறுத்தவில்லை. கம்பர் தரும் ராமாயணத்தை நிறைவேற்றும் உழைப்பு அவருடைய இறுதி ஆண்டுகள் வரை தொடர்ந்தது. அவருக்குக் கவிதை பொழுதுபோக்காக மட்டும் இருந்திருப்பின் அந்த இழப்புக்குப் பின் அது கைநழுவியிருக்கும்.

1954 பிப்ரவரி 16ஆம் நாள் டி.கே.சி. மறைந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் கவிமணியும் டிசம்பரில் கல்கியும் காலமாயினர். ஒருவர் பாடல்களை ஒருவர் பரப்பியும், ஒருவர் இதழில் ஒருவர் எழுதியும் இணைந்திருந்த மூவரின் குரலும் பத்தே மாதங்களுக்குள் அடங்கின.

முடிவுரை

டி.கே.சி.யின் வாழ்விலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். ஒன்று, ஏட்டுச் சான்றின்றிப் பாடலை நீக்கும் அவருடைய முறை மூலபாட ஆய்வுக்குப் பொருந்தாது. அவ்வகையில் வையாபுரிப் பிள்ளை முதலியோரின் நெறியே கொள்ளத்தக்கது. இரண்டு, வாய்விட்டுப் படித்து ஓசையின் வழி உணர்ச்சியையும், உணர்ச்சியின் வழிப் பாத்திரத்தையும் அணுகும் அவருடைய முறை, பாத்திரங்களைக் குணப்பட்டியலாகச் சுருக்கும் ஆய்வுகளுக்கு இன்றும் மாற்றாக நிற்கிறது. மூன்று, கடிதங்களையும் அன்பர்களின் நினைவுக் குறிப்புகளையும் ஒப்புநோக்கி வட்டத்தொட்டியின் வாய்மொழித் திறனாய்வை மீட்டெடுக்கும் பணி இனி நிகழ வேண்டியது.

பதிப்பாசிரியர் பாடலைக் காத்துத் தருகிறார். ரசிகர் அதைப் படிப்பதற்கு ஆள் சேர்க்கிறார். ஏட்டைக் காத்தவர்களின் பணி நிறைவுறுவது, காக்கப்பட்ட பாடலை யாரேனும் ஒருவர் வாய்விட்டுச் சொல்லும்போதுதான். அந்த ஒருவரைத் தேடியே தென்காசிக்காரர் ஒருவர் தம் வீட்டுக் கதவை ஞாயிறுதோறும் திறந்து வைத்திருந்தார்.